பழைய போட் எஞ்சினுக்குச் சாமான் வாங்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடை ஓய்ந்து கடல் படிந்துவிட்டது. கார்த்திகையில் வாடிக்குள் ஏற்றிவைத்த எஞ்சின்களை சல்லி, சாம்பல்தீவு, குச்சவெளி, புல்மோட்டை என்று கரை முழுக்க வெளியே எடுக்கிறார்கள். பழைய எட்டு, பதினைந்து குதிரைவலு எஞ்சின்கள் கைமாறுவதும் இந்த நாட்களில்தான். வாங்கியவர் கயிற்றை இழுக்கிறார், எஞ்சின் இருமுகிறது, நிற்கிறது. உடனே கடைக்கு ஓட்டம். முதலில் பிளக், அடுத்த கிழமை காபரேற்றர், அதற்கடுத்த கிழமை கடன் வாங்கி ஒரு சீடீஐ பெட்டி, அதாவது பிளக்குக்குக் கறன்ற் அனுப்பும் மின்பெட்டி. எல்லாம் மாற்றி முடிந்த பிறகு பார்த்தால், நிறுத்தும் சுவிச்சின் வயர் உப்பில் அரித்து எஞ்சின் உடம்பில் முட்டிக்கொண்டிருக்கும்.

“மாத்திப் பாப்பம்” என்ற அந்த ஒரு சொல்லுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம். பிழை எங்கே என்று தெரியும்வரை ஒரு சாமானும் வாங்கக்கூடாது. தேடுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது: முதலில் கொம்பிரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம்), பிறகு கறன்ற் (பிளக்கின் பொறி), பிறகு எண்ணெய் (பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய்), கடைசியில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர். இந்த வரிசையை மாற்றினால் காசு வீணாகும். இங்கே சொல்வதெல்லாம் 8 முதல் 40 குதிரைவலு வரையான, காபரேற்றர் உள்ள, எண்ணெயில் ஒயில் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு. நமது கரையில் பழையது என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

வாங்கும் இடத்திலேயே பார்க்கவேண்டியவை சில உண்டு. படகில் மாட்டும் கவ்வியில் தொடர் இலக்கத் தகடு இருக்கவேண்டும். தகடு பிடுங்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டை விற்பவரின் கையொப்பத்தோடு வாங்குங்கள். கடற்றொழில் திணைக்களத்தில் படகைப் பதியும்போது அது தேவைப்படும். எஞ்சினின் தலையில் உள்ள பாரச் சில்லான பிளைவீலைக் கையால் வலஞ்சுழியாகச் சுற்றிப் பாருங்கள், அமுக்கம் ஏறி இறங்குவது கையில் தெரியவேண்டும். இடஞ்சுழியாகச் சுற்றவேண்டாம், தண்ணீர்ப் பம்பின் றபர் இதழ்கள் மறுபக்கம் மடிந்துவிடும். பிறகு கியர் உள்ள கீழ்ப்பெட்டியின் அடி ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி, வரும் கியர் ஒயிலைப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் தங்கூசி என்ற நைலோன் நூல்தான் காரணம். அறுந்த வலைத் துண்டு புரொப்பெலருக்குப் பின்னால் சுற்றி, தண்டில் தண்ணீர் புகாமல் தடுக்கும் றபர் சீலை வெட்டிவிடும். சீல் மலிவு. ஆனால் தண்ணீரோடு நீண்டநாள் ஓடிய கியரும் பெயாரிங்கும் மலிவல்ல.

எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வரும்போது தலைப்பக்கம் எப்போதும் கீழ்ப்பெட்டியைவிட உயரமாக இருக்கட்டும். 15 குதிரைவலு எஞ்சின் ஏறத்தாழ 36 கிலோ. பாரம் என்று தலைகீழாகச் சாய்த்தால் காலுக்குள் தேங்கிய உப்புத் தண்ணீர் புகைபோக்கி வழியாக சிலிண்டருக்குள் போய்ச் சேரும்.

இனி கொம்பிரெஷன். இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி டூ-ரி ஒயில் விட்டு, பிளைவீலை மெதுவாகச் சுற்றி ஓர் இரவு விடுங்கள். பல மாதம் சும்மா கிடந்த எஞ்சினைக் காய்ந்த பிஸ்டன் றிங்கோடு இழுப்பது சிலிண்டரைக் கீறும். அடுத்தநாள் துளைக்கு மேலே ஒரு துணியைப் போட்டு நாலைந்து முறை இழுத்து, மிஞ்சிய ஒயிலை வெளியேற்றுங்கள். அது உள்ளே இருந்தால் அளவு கூடிக் காட்டும். பிளக் வயர் இரண்டையும் எஞ்சின் உடம்பில் தொடுக்கவேண்டும், திறந்தபடி விட்டால் கொயில் சாகும். திறொட்டிலை முழுதும் திறந்து, 14 மில்லிமீற்றர் புரியுள்ள கொம்பிரெஷன் கேஜைப் பிளக் துளையில் மாட்டி, முள் ஏறாமல் நிற்கும்வரை ஐந்தாறு முறை இழுங்கள்.

பெற்றோல் எஞ்சினில் 90 முதல் 120 பீஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரை இருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மண்ணெண்ணெய் எஞ்சினில் இது பிறப்பிலேயே குறைவு. எண்ணைவிட முக்கியம் இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம். பத்து வீதத்துக்கு மேல் போனால் குறைந்த பக்கத்தில் மறுபடி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு அளக்கவேண்டும். அளவு ஏறினால் றிங் தேய்ந்திருக்கிறது, அல்லது கரியில் ஒட்டிக்கிடக்கிறது. ஏறாவிட்டால் ஹெட் காஸ்கற் அல்லது பிஸ்டனைச் சந்தேகிக்கலாம். சிலிண்டரைக் கீறல் போக அகலித்து 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போடுவது செய்யக்கூடிய வேலைதான், ஆனால் அது லேத் பட்டறையின் வேலை. இணைப்புத் தண்டின் கீழ்ப்பிடி மேலும் கீழும் ஆடினால், அல்லது உப்பு அரித்துப் பெட்டியில் ஓட்டை விழுந்திருந்தால், அந்த எஞ்சினைச் சாமானுக்காக வைத்துக்கொண்டு வேறொன்றைத் தேடுங்கள். அதற்குமேல் செலவழிப்பது பிடிவாதம்.

இறுகிப்போன எஞ்சினைப் பிளைவீலில் இரும்புக் கம்பி கொடுத்து நெம்புபவர்களைக் காண்கிறோம். பிளைவீலின் பல் உடையும், அல்லது தண்டு வளையும். டீசலும் தானியங்கிக் கியர் ஒயிலும் சரிபாதி கலந்து பிளக் துளையால் ஊற்றி, மூன்று நாலு நாள் ஊறவிடுங்கள். தினமும் கைப்பலத்தால் மட்டும் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

இங்கேதான் தொடக்ககாரரின் கண்ணீர் தொடங்குகிறது: போல்ட். அலுமினியத்துக்குள் இரும்பு, இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர். அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகி, அந்த மாவு இடம் பற்றாமல் போல்ட்டை நெரித்துப் பிடிக்கும். ஆறு மில்லிமீற்றர் போல்ட் தீக்குச்சிபோல முறியும். துருநீக்கி ஒயிலை மாலையில் அடித்து இரவு விடுங்கள். காலையில் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. பிறகு ஸ்பனரால் எட்டில் ஒரு சுற்றுத் தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தவேண்டும். வராவிட்டால் போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரியும், பிடி தளரும். எண்ணெய்த் தாங்கி, குழாய், காபரேற்றர் எல்லாம் அதற்கு முன்பே கழற்றித் தூரமாக வைக்கப்பட்டிருக்கவேண்டும். திருப்பிப் போடும்போது புரியில் போட் கிரீஸ் பூசுங்கள். 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூற்றன் மீற்றர் இறுக்கம் போதும். கையால் முறுக்கி “இன்னும் கொஞ்சம்” என்றால் புரி கழன்றுவிடும். புகைபோக்கி மூடியின் போல்ட்டுகள் எல்லாவற்றிலும் மோசமானவை. எஞ்சின் சூடேறும் பிரச்சினை இல்லாவிட்டால் முதல்முறை திருத்துபவர் அந்த மூடியைத் தொடாமல் விடுவதே புத்தி.

கறன்ற் பார்ப்பதற்கு முன் எண்ணெய்க் குழாயைக் கழற்றி, பிளக் துளைகளைத் துணியால் அடையுங்கள். துளையிலிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக்கை வயரில் மாட்டி அதன் உடம்பை ஹெட்டில் தொடவைத்து இழுத்தால், நீலமாக, டிக் டிக் என்ற சத்தத்தோடு பொறி பாயவேண்டும். மெல்லிய செம்மஞ்சள் பொறி வெளிக்காற்றில் பாயும், சிலிண்டருக்குள் அமுக்கத்தில் பாயாது. ஒன்றிலுமே கறன்ற் இல்லையென்றால் முதலில் நிறுத்தும் சுவிச்சின் வயரைக் கழற்றுங்கள். யமஹாவில் அது வெள்ளை, உடம்புக்குப் போவது கறுப்பு. வெள்ளையைக் கழற்றியதும் கறன்ற் வந்தால் பிழை சுவிச்சில், அல்லது அதற்குப் போகும் வயரில். அவ்வளவுதான், சீடீஐ பெட்டி நல்லது. வராவிட்டால் கறுப்பு வயர்கள் உடம்பில் சேரும் இடங்களைக் கழற்றி எமரித் தாளால் உரசிப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் பிளைவீலுக்குக் கீழே உள்ள கொயிலை மீற்றர் வைத்து அளக்கவேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் கறன்ற் இல்லையா? பல இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களில் இரண்டு பிளக்குக்கும் ஒரே கொயில். அப்படியானால் பிழை பெரும்பாலும் பிளக்கின் தொப்பியில்தான். தொப்பியை முறுக்கிக் கழற்றி, வயரின் நுனியில் அரை சென்ரிமீற்றர் வெட்டி, பச்சை பிடிக்காத செம்பு தெரியத் திருப்பி முறுக்குங்கள். செலவு சதமும் இல்லை. பிளக் வாங்கும்போது இலக்கத்தை முழுதாகப் படியுங்கள். என்ஜீகே பிளக்கில் நடுவில் உள்ள எண் கூடினால் பிளக் குளிர்ந்தது, குறைந்தால் சூடானது. கடைசியில் 10 என்றிருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீற்றர். கடைக்காரர் “எல்லாம் ஒண்டுதான்” என்பார். ஒன்றல்ல.

பிளைவீலைக் கழற்ற நேர்ந்தால் மூன்று போல்ட் மாட்டும் இழுவையை இரவல் வாங்குங்கள். சுத்தியலால் அடித்தால் காந்தம் உடையும். உள்ளே பிளைவீலைத் தண்டோடு பிடிக்கும் சிறிய அரைவட்ட இரும்புத் துண்டு, அதாவது சாவி, வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது வெட்டுப்பட்டால் பொறி நேரம் தவறிப் பாயும். எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் பின்னுதைத்துக் கயிற்றைப் பறிக்கும்.

எண்ணெய்ப் பக்கம் பிழை தேடுவது எளிது, ஏனென்றால் எஞ்சினே சொல்லும். தாங்கி மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சிரிக்கவேண்டாம், நடுக்கடலில் நிற்கும் எஞ்சின்களில் இதற்குப் பங்குண்டு. எண்ணெய்க் குழாயில் உள்ள றபர்க் குமிழை அம்புக்குறி மேலே பார்க்கப் பிடித்து அமுக்குங்கள், கல்லுப்போல் இறுகவேண்டும். இறுகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் இணைப்பின் ஓ-றிங். மெதுவாக ஓடும், வேகம் கொடுத்தால் சாகும் என்றால், வேகம் விழும்போது ஒருவர் குமிழை அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். அப்போது வேகம் மீண்டால் பிழை எண்ணெய்ப் பம்பின் மெல்லிய தாளில், அல்லது குழாயில், வடியில். மீளாவிட்டால் காபரேற்றரின் பெரிய ஜெற், அதாவது எண்ணெய் பாயும் துளையுள்ள பித்தளைத் துண்டு. மறுபுறம், சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது, மெதுவாக ஓடமாட்டேன் என்கிறது என்றால் சிறிய ஜெற் அடைத்திருக்கிறது.

காபரேற்றரைக் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள். காற்று ஸ்குரூவைக் கழற்றுமுன் உள்ளே மெல்ல முறுக்கி, எத்தனை சுற்றில் முட்டியது என்று எண்ணி எழுதிவையுங்கள். திருப்பிப் போடும்போது அதே எண்ணிக்கை. கிண்ணத்தில் இருந்ததை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றிக் கால்மணி நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். ஜெற்றைக் குத்த ஊசி வேண்டாம், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துத் தங்கூசித் துண்டை விட்டெடுங்கள். சீலை வெட்டிய அதே தங்கூசி இங்கே உதவிக்கு வரும்.

மண்ணெண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். யமஹாவில் மாதிரிப் பெயர் ‘ஈகே’ என்று தொடங்கினால் அது மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சின். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின் மாற்றவேண்டும். எல்லோருக்கும் தெரிந்தது இது. கரைக்கு வரும்போது நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகத் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றவேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. மாற்றாவிட்டால் அடுத்தநாள் விடியற்காலை காபரேற்றர் நிறைய மண்ணெண்ணெய். எத்தனை முறை இழுத்தாலும் பிளக் நனைவதுதான் மிச்சம். கிண்ணத்தின் வடிகால் ஸ்குரூவைத் திறந்து வடித்து, பெற்றோலை அனுப்பினால் எழும்பும். “மண்ணெண்ணெய் எஞ்சின் செத்துப்போச்சு” என்று விற்கப்படுபவற்றில் இந்த ஒன்றுக்காகவே விற்கப்படுபவையும் உண்டு. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. அந்த ஆண்டின் தட்டுப்பாட்டில் எண்ணெயோடு அப்படியே மூடிவைத்த எஞ்சின் கைக்கு வந்தால், காபரேற்றரைத் திறக்காமல் கயிற்றைத் தொடவேண்டாம். பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டுவது வேறு கதை. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் (முன்கூட்டி வெடிக்காமல் தாங்கும் அளவு) குறைவு, உள்ளே நேரத்துக்கு முன் வெடித்து பிஸ்டனின் தலையை ஓட்டையாக்கும்.

எண்ணெயில் ஒயில் கலக்கும் விடயத்தில் எஞ்சினின் கைந்நூல் சொல்வதே சட்டம். கைந்நூல் இல்லாத பழைய பெற்றோல் எஞ்சினுக்கு 50க்கு 1, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், பத்து லீற்றருக்கு 200. புது றிங் அல்லது பிஸ்டன் போட்டிருந்தால் முதல் பத்து மணிநேரம் லீற்றருக்கு 40. ‘ரீசீ-டபிள்யூ 3’ என்று எழுதிய போட் ஒயிலையே வாங்குங்கள். ஓட்டோவுக்கு விற்கும் டூ-ரி காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது, போட்டில் பிளக்கைக் கரியாக்கும். கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குவளை வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தண்ணீர். பழைய எஞ்சினுக்குக் கேள்வியே இல்லாமல் வாங்கவேண்டிய ஒரே சாமான் இம்பெல்லர், தண்ணீர்ப் பம்பின் றபர்ச் சில்லு. கழற்றிப் பார்க்கும்போது நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள், ஏனென்றால் ஓரிடத்தில் கிடந்து அதன் இதழ்கள் மடிந்தபடியே இறுகியிருக்கும். கொட்டியாறுக் குடாவில் மகாவலி கொண்டுவரும் மண்ணும் புல்மோட்டைக் கரையின் இல்மனைற் கருமணலும் இதற்கு எமன். ஆழமில்லாத இடத்தில் எஞ்சினை இறக்கி ஓட்டினால் பம்ப் அந்த மணலைக் குடித்து, றபரையும் அடியில் உள்ள இரும்புத் தட்டையும் அரைத்துவிடும். தட்டில் நகம் மாட்டும் அளவுக்குத் தடம் இருந்தால் அதையும் மாற்றவேண்டும். கியர்க் கம்பியின் இணைப்பைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்தால் கீழ்ப்பெட்டி இறங்கும். புது இம்பெல்லரைச் சிறிது கிரீஸ் தடவி, தண்டை வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே மூடியை இறக்குங்கள், இதழ்கள் சரியான பக்கம் மடியும். இம்பெல்லரைத் தண்டோடு பிடிக்கும் சிறிய சாவி தண்டில் இருக்கிறதா என்று இரண்டுமுறை பாருங்கள். அது கீழே விழுந்திருந்தால் பம்ப் சுற்றாது. பெட்டியை ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் அதன் றபருக்குள் போனதை உறுதி செய்வது எல்லாவற்றையும்விட முக்கியம்.

புது இம்பெல்லர் போட்டும் தண்ணீர் பீச்சாவிட்டால், சூடேறியதும் தண்ணீர் வழியைத் திறக்கும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி, தகரப் பேணியில் தண்ணீர் சூடாக்கி நூலில் தொங்கவிடுங்கள். சிறிய யமஹாக்களில் 50 பாகை செல்சியசுக்கு அண்மையில் திறக்கத் தொடங்கவேண்டும். உப்புப் படிந்திருந்தால் வினாகிரியில் ஊறவிட்டுக் கழுவலாம். தண்ணீர் வெளியே பீச்சும் துளையையே தங்கூசியால் குத்திப் பார்ப்பது இதற்கெல்லாம் முந்திய வேலை.

முதல் ஓட்டம் கரையில், பெரிய பீப்பாவுக்குள். புரொப்பெலருக்கு மேலே உள்ள தட்டை மூடித் தண்ணீர் நிற்கட்டும். நியூட்ரலில், மெதுவாக மட்டும். பத்து வினாடிகூடத் தண்ணீரில்லாமல் ஓட்டவேண்டாம், காய்ந்து ஓடினால் புது இம்பெல்லரும் விரைவில் கருகும். ஹெட்டில் ஒரு துளி தண்ணீரைத் தெளித்தால் ‘சொய்’ என்று பொரியக்கூடாது. பொரிந்தால் உடனே நிறுத்துங்கள். பீப்பாவில் நன்றாக ஓடிப் படகில் இரைச்சல் மட்டும் போட்டு நகராவிட்டால், புரொப்பெலரின் நடுக் குழலிலிருந்து இதழ்வரை பெயின்றால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு உடைந்து விலகினால் உள்ளே உள்ள றபர் வழுக்குகிறது. எஞ்சின் உடம்புக்குப் பதிலாக உப்பில் கரையவென்று மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றவேண்டும். அதன்மேல் பெயின்ற் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடித்தால் அது வேலை செய்யாது, எஞ்சின் உடம்புதான் கரையும்.

கடலுக்குள் விழுந்த எஞ்சினை எடுத்ததும் பிளக்கைக் கழற்றி நல்ல தண்ணீரால் கழுவி, சிலிண்டருக்குள் ஒயில் விட்டு, அன்றைக்கே ஓடவைக்கவேண்டும். முடியாவிட்டால் வெயிலில் காயவைக்கவேண்டாம். நல்ல தண்ணீர்ப் பீப்பாவுக்குள் முழுதாக மூழ்க வைத்திருங்கள். காற்றும் உப்பும் சேர்ந்தால்தான் அரிப்பு.

மேலே சொன்ன பிழைகளை ஒருமுறை திரும்பப் பார்த்தால் போல்ட், வயர், தேர்மோஸ்ரற் என்று பாதிக்கு மேல் உப்பு வந்துவிடுகிறது. கடலால் வந்ததும் ஐந்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓட்டினால் தீரும் பிரச்சினை இது. கிணறு வாடியிலிருந்து தூரமென்றால் களைத்து வந்தவர் அதைச் செய்யமாட்டார், அவரைக் குறைசொல்லவும் முடியாது. ஆகவே இறங்குதுறைகளுக்குத் திட்டம் வரையும் அதிகாரிகளிடம் உங்கள் பத்திரிகை மூலம் ஒன்று கேட்கிறோம். ஏலமண்டபம், பெயர்ப்பலகை எல்லாம் இருக்கட்டும். துறைக்குத் துறை அரை அங்குல நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று, எஞ்சின் மாட்டத் தடித்த மரச்சட்டம் ஒன்று, அதன்கீழே இருநூறு லீற்றர்ப் பீப்பா ஒன்று, கழிவு ஒயில் ஊற்ற மூடியுள்ள தகரம் ஒன்று வையுங்கள். பீப்பாத் தண்ணீர் உப்பேறியதும் மாற்றினால் போதும். பீப்பாவின் அடியில் ஒரு வடிகால் அடைப்பான் இருக்கவேண்டும், மறக்கவேண்டாம்.

இப்படிக்கு,
போட் எஞ்சின் திருத்துநர்கள் சிலர்,
திருகோணமலை.